உங்களுக்குத் தெரியுமா? சாய்மேட்டில் சின்னக் கார்கள்

1930 அக்டோபர். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்தில் 500 மைல் பந்தயம். இரண்டாவதாக வந்த பென்ட்லியின் சராசரி வேகம் மணிக்கு 112 மைல். முதலாவதாக வந்த காரின் சராசரியோ 83 மைல்தான்! முக்கால் லிட்டர் இன்ஜின் போட்ட ஆஸ்டின் செவன் அது. அச்சுப்பிழை ஏதும் இல்லை. கணக்கு எப்படிச் சரியாகிறது என்று சொல்வதற்கு முன், அந்தத் தடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவோம்.

✦

மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் சாய்வுத் தடம் புரூக்லண்ட்ஸ். லண்டனுக்குத் தென்மேற்கே, வேய்பிரிட்ஜ் என்ற ஊரில், ஹியூ லாக் கிங் என்ற செல்வந்தர் தன் சொந்த நிலத்தில் கட்டினார். திறப்பு விழா 1907 ஜூன் 17. ஒரு சுற்று 2.75 மைல், அதாவது ஏறக்குறைய 4.4 கி.மீ. அகலம் 100 அடி. இரண்டு பெரிய திருப்பங்களிலும் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 30 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் கான்கிரீட் சாய்மேடு.

அன்று பிரிட்டனில் சாலை வேக வரம்பு மணிக்கு 20 மைல். தயாரித்த கார் எவ்வளவு ஓடும் என்று சோதித்துப் பார்க்கக்கூட கம்பெனிகளுக்கு இடம் கிடையாது. 1905-ல் இத்தாலியில் பந்தயம் பார்க்கப் போன லாக் கிங்குக்கு, அங்கே பிரிட்டிஷ் கார் ஒன்றுகூட ஓடாதது உறுத்தியது. ஊர் திரும்பியதும் மண்வெட்டியைக் கையிலெடுக்கச் சொல்லிவிட்டார். சுமார் ஒன்றரை லட்சம் பவுன் விழுங்கிய பிறகுதான் தடம் முடிந்தது. கடனில் குடும்பமே ஆடிப்போனபோது நிர்வாகத்தைக் கையிலெடுத்து நிமிர்த்தியவர் அவருடைய மனைவி எதெல். திறப்பு நாள் ஊர்வலத்தில் முதல் காரை ஓட்டி வந்தவரும் எதெல்தான்.

✦

திருப்பத்தை ஏன் சாய்த்துக் கட்ட வேண்டும்? நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. சமதளத் திருப்பத்தில் வண்டியை உள்பக்கம் இழுத்துப் பிடிப்பது டயரின் உராய்வு மட்டும். தளத்தைச் சாய்த்துவிட்டால், தளமே வண்டியை உள்பக்கம் தள்ளிக் கொடுக்கிறது. டயருக்குப் பாதி வேலை மிச்சம்.

பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் கணக்குதான். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவை 30 டிகிரி சாய்த்தால், மணிக்கு ஏறக்குறைய 148 கி.மீ. வேகத்தில் போகிற கார் உராய்வின் உதவியே இல்லாமல் தானாகத் திரும்பும். அந்த வேகத்துக்குக் கீழே போனால் வண்டி சரிவில் இறங்கப் பார்க்கும்; மேலே போனால் விளிம்பை நோக்கி ஏறப் பார்க்கும். காரின் எடை இந்தக் கணக்கில் வரவே வராது. முந்நூற்றைம்பது கிலோ காருக்கும் இரண்டு டன் காருக்கும் சாய்மேடு ஒரே நீதிதான் சொல்லும். சின்னக் காருக்குக் கிடைத்த முதல் சலுகை இது.

✦

புரூக்லண்ட்ஸ் தடத்தில் உள்விளிம்பிலிருந்து 50 அடி தள்ளி ஒரு கறுப்புக் கோடு சுற்றிலும் போடப்பட்டிருந்தது. சரியான வேகத்தில் அந்தக் கோட்டின்மேல் போனால், சாய்மேட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே சுற்றிவிடலாம் என்பது ஏட்டுக் கணக்கு.

ஏட்டில்தான். நடைமுறையில் அந்தக் கான்கிரீட் மகா மோசம். புது மண்மேட்டின்மேல் போட்ட தளம், மண் அமர அமர ஆங்காங்கே இறங்கிவிட்டது. ஓரிடத்தில் தடம் வே ஆற்றைப் பாலத்தில் கடக்கும். பாலத்தை ஒட்டி விழுந்த மேடு பள்ளத்தில் வேகமாக வருகிற கார், நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிடும். ஜான் காப் என்பவரின் இரண்டு டன் ராட்சதக் கார் அப்படி அந்தரத்தில் நிற்கும் புகைப்படம் இன்றும் மோட்டார் புத்தகங்களில் தவறாமல் வரும். குடல் குலுங்காமல் இருக்க ஓட்டுநர்கள் வயிற்றை இறுக்கிப் பட்டை கட்டிக்கொண்டார்கள். பெரிய கார்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். சிறிய கார் அதே இடத்தைக் குறைந்த வேகத்தில் தத்தித் தத்திக் கடந்துவிடும்.

✦

தடம் திறந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. எஸ்.எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் ஏறி உட்கார்ந்தார். மாற்று ஓட்டுநர் கிடையாது. 24 மணி நேரம் தனியாளாக ஓட்டி 1,581 மைல் கடந்துவிட்டுத்தான் இறங்கினார். இரவில் வழி தெரிவதற்காகத் தடத்தின் ஓரம் நெடுக ரயில்வேக்காரர்களின் சிவப்பு விளக்குகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சாதனை வந்தது, கூடவே சுற்றுவட்டாரக்காரர்களின் புகாரும் வந்தது. அன்றோடு புரூக்லண்ட்ஸில் இரவு ஓட்டத்துக்குத் தடை விழுந்தது.

✦

ஆரம்பத்தில் கார்களுக்கு எண்ணே கிடையாது! கார்ப் பந்தயத்தை எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியாததால், குதிரைப் பந்தய விதிகளை அப்படியே தூக்கி வந்துவிட்டார்கள். ஜாக்கிகளைப்போல ஓட்டுநர்களுக்கு வண்ணச் சட்டை, வண்ணத் தொப்பி. கார்களை நிறுத்தும் இடத்துக்குக்கூட குதிரைகளைச் சுற்றிக் காட்டும் இடத்தின் பெயர்தான். பந்தயம் கட்டுவதற்குப் புக்கிகளும் வந்து உட்கார்ந்தார்கள். தூரத்தில் புழுதியும் புகையுமாக வருகிற காருக்குள் இருப்பவர் போட்டிருப்பது நீலச் சட்டையா பச்சையா என்று எவனுக்குத் தெரியும்? கொஞ்ச நாளில் எண் எழுதும் வழக்கம் வந்துவிட்டது.

✦

குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தவற்றில் கடைசிவரை நிலைத்தது ஹேண்டிகேப். ஆஸ்டின் செவனின் வெற்றிக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது.

கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் நல்ல குதிரையின் முதுகில் எடையை ஏற்றினார்கள். புரூக்லண்ட்ஸில் நல்ல காரைக் காத்திருக்க வைத்தார்கள். மணிக்கு 70 மைல் வேகத்தில் போகிற சின்னக் கார், ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 141 விநாடி. 120 மைலில் போகிற பெரிய கார் சுமார் 83 விநாடி. வித்தியாசம் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். மூன்று சுற்றுப் பந்தயமென்றால் பெரிய காரை மூன்று நிமிடம் கோட்டில் உறுமிக்கொண்டே நிற்க வைத்துவிட்டு, சின்னக் காரை முதலில் அனுப்பிவிடுவார்கள். கணக்கு துல்லியமாக இருந்தால் எல்லாக் கார்களும் கடைசிச் சுற்றின் கடைசி மேட்டில் ஒரே கும்பலாக வந்து சேர வேண்டும். பார்க்க வந்தவனுக்கும் அதுதானே வேண்டும்?

இந்தக் கணக்கைப் போட்டவர் ஏ.வி. எப்பிள்வைட். எல்லாருக்கும் ‘எப்பி’. இசைக்கருவி வியாபாரி. ஒவ்வொரு காரும் முன்பு என்ன வேகத்தில் ஓடியது, ஓட்டுபவர் யார், இன்ஜினில் புதிதாக என்ன செய்திருக்கிறார் என்பதையெல்லாம் எடைபோட்டு விநாடிகளைப் பங்கிடுவார். பந்தயங்களில் கொடியசைத்து ஒவ்வொரு காராக விடுவித்ததும் பெரும்பாலும் அவர்தான். ஜெயித்தவனுக்கு அடுத்த முறை விநாடிகள் குறையும். அதற்கு ஓட்டுநர்கள் மாற்று வழி கண்டுபிடித்தார்கள்: சும்மா இருக்கிற நாளில் மெதுவாக ஓட்டிக் காட்டி எப்பியை ஏமாற்றுவது, பணம் வைக்கிற நாளில் முழுசாக மிதிப்பது. எப்பியிடம் அது எத்தனை தடவை பலித்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

✦

இப்போது அந்த 500 மைலுக்கு வருவோம். 83 மைல் சராசரியில் போனால் 500 மைலுக்கு ஆறு மணி நேரம். 112 மைலில் போனால் நாலரை மணி நேரம். ஆகவே ஆஸ்டின் போன்ற பொடிக் கார்களை முதலில் கிளப்பிவிட்டு, பெரிய கார்களைப் பிறகு விட்டார்கள். பென்ட்லி விரட்டிக்கொண்டு வந்தது. எட்டவில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஆஸ்டினை ஓட்டிய இருவரில் ஒருவர் எஸ்.சி.எச். டேவிஸ், ‘தி ஆட்டோகார்’ பத்திரிகையின் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர். பென்ட்லியை ஓட்டியவர்களில் ஒருவர் டாக்டர் பெஞ்சஃபீல்டு, நுண்ணுயிரியல் நிபுணர். 1927-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒரே பென்ட்லியில் மாறி மாறி ஓட்டி ஜெயித்த ஜோடி இவர்கள்! வழியில் மோதி வளைந்துபோன காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஜெயித்த பந்தயம் அது. மூன்றே ஆண்டில் எதிரெதிர் முகாம்.

ஆஸ்டினின் மற்றொரு ஓட்டுநர் மார்ச் பிரபு, ஒரு டியூக் குடும்பத்தின் வாரிசு. இளவயதில் இவர் மெக்கானிக் தொழில் கற்றுக்கொண்டது எங்கே தெரியுமா? பென்ட்லி கம்பெனியில்.

✦

பத்திரிகைக்காரர், டாக்டர், பிரபு… இவர்களில் யாருக்கும் கார் ஓட்டுவது பிழைப்பில்லை. ஆலிவர் பெர்ட்ராம் என்ற வழக்கறிஞர் 1935 ஆகஸ்டில் மணிக்கு 142.6 மைலில் ஒரு சுற்றுப் போய், புரூக்லண்ட்ஸின் சுற்றுச் சாதனையையே இரண்டு மாதம் கையில் வைத்திருந்தார். திங்கள்கிழமை கோர்ட்டுக்குப் போக வேண்டிய மனிதர்!

✦

இவ்வளவு வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? எந்தக் காரில் வாரம் முழுக்க வேலைக்குப் போனார்களோ அதே காரில் தடத்துக்கு வந்தார்கள். கார் நிறுத்துமிடத்திலேயே ஸ்பேனரை எடுத்து மட்கார்டு நாலையும் கழற்றினார்கள். ஹெட்லைட், முன்கண்ணாடி, ஸ்டெப்னி, மடக்குக் கூரை எல்லாம் புல்தரையில் குவியும். பந்தயம் ஓடி முடித்து, இன்ஜின் உயிரோடு இருந்தால், எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு இருட்டுவதற்குள் வீட்டுக்குக் கிளம்புவார்கள். உயிரோடு இல்லாவிட்டால் ரயில்.

✦

ஆஸ்டின் செவன் பிறந்தது ஒரு பில்லியர்ட்ஸ் அறையில். பெரிய கார்கள் விற்காமல் கம்பெனி தள்ளாடிய காலம். சின்னக் கார் யோசனைக்கு இயக்குநர்கள் தலையாட்டவில்லை. ஹெர்பர்ட் ஆஸ்டின், 18 வயது வரைபடக்காரர் ஸ்டான்லி எட்ஜைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்து வரைய வைத்தார். (முன்னே 24 மணி நேரம் ஓட்டிய எட்ஜ் வேறு.) தன் சொந்தப் பணத்தைப் போட்டதால், விற்கிற ஒவ்வொரு காருக்கும் இரண்டு பவுன் இரண்டு ஷில்லிங் தனக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். 1922 முதல் 1939 வரை ஏறக்குறைய 2,90,000 கார்கள் விற்றன. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் 747 சிசி. நம் பழைய மாருதி 800-ஐவிடச் சிறியது. உள்ளே கிராங்க் ஷாஃப்டைத் தாங்க இரண்டே பேரிங்குகள், இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. நடுவில் பிடிமானம் இல்லை. வேகம் கூடக் கூட அந்த ஒல்லி இரும்பு, கயிறு சுற்றுகிறபோது வயிறு விரிவதுபோல நடுவில் வளையும். அதன்மேல் சூப்பர்சார்ஜர் வைத்து ஆறு மணி நேரம் விரட்டியிருக்கிறார்கள். டேவிஸும் மார்ச் பிரபுவும் ஜெயித்ததைவிட, அந்தக் கிராங்க் உடையாமல் இருந்ததுதான் என் கண்ணுக்குப் பெரிய செய்தி.

✦

இரண்டு நாளில் ஒரு 24 மணி நேரப் பந்தயம்! இரவில் ஓட்டத் தடை. ஆனால் லெ மான் மாதிரி ஒரு பந்தயம் நடத்த ஆசை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை ஓட்டுவது, கார்களைப் பூட்டி வைப்பது, மறுநாள் அதேபோல இன்னொரு 12 மணி நேரம். இதற்கு ‘டபுள் டுவெல்வ்’ என்று பெயர். ராத்திரி யாரும் காரைத் தொடக் கூடாது. ரிப்பேர் இருந்தால் காலையில் பந்தய நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

1929, 1930, 1931 என மூன்றே தடவை நடந்தது. 1929-ல் ஆல்ஃபா ரோமியோ, 1930-ல் பென்ட்லி. 1931-ல் முதல் ஐந்து இடங்களையும் எம்.ஜி. மிட்ஜெட் என்ற 746 சிசி பொடிக் கார்களே அள்ளிக்கொண்டன. முதலில் வந்த மிட்ஜெட்டை ஓட்டியது யார்? அதே மார்ச் பிரபுதான், கிறிஸ் ஸ்டேனிலண்டுடன்.

✦

எம்.ஜி. மிட்ஜெட்டின் முதல் மாடல் விலை 175 பவுன். 847 சிசி, இரண்டே இருக்கை, மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடம்பு. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பணக்காரன் சமாசாரம் என்றிருந்த காலத்தில், சம்பளக்காரன் தவணை கட்டி வாங்கக்கூடிய விலைக்கு அதை இறக்கியவர் எம்.ஜி.யின் செசில் கிம்பர். அடியில் இருந்ததென்னவோ சாதாரண மாரிஸ் மைனர் குடும்பக் கார்தான்.

✦

பழைய மோட்டார் சைக்கிள் படங்களில் சைலன்சரின் வால் மீன்வால்போலத் தட்டையாக விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் புரூக்லண்ட்ஸ் பெயர் வந்தது வழக்கினால். இரைச்சல் தாங்காத அக்கம்பக்கத்தார் 1924-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். பிறகு பந்தயக் கார்களும் பைக்குகளும் அளவு குறித்த சைலன்சர் மாட்டியே ஓட வேண்டும் என்றானது. மாட்டச் சொன்னபோது முனகினார்கள். பந்தயக்காரர்கள் மாட்டுவதாயிற்றே என்று ஊர்ப் பையன்கள் தங்கள் வண்டிக்கும் அதையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

✦

டாரதி லெவிட், அன்றைய இங்கிலாந்தின் பேர்பெற்ற பெண் ஓட்டுநர். 1907-ல் புரூக்லண்ட்ஸில் ஓட்ட விண்ணப்பித்தார். பெண் என்று மறுத்துவிட்டார்கள். காரோட்டும் பெண்கள் கையில் ஒரு சிறு கண்ணாடி வைத்துக்கொண்டு, அவ்வப்போது தூக்கிப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று 1909-ல் புத்தகத்தில் எழுதியவர் இவர். ரியர்வியூ கண்ணாடி கார்களில் வழக்கமாவதற்கு முந்தைய கதை.

1908-ல் பெண்களுக்கென்று ஒரே ஒரு பந்தயம் வைத்தார்கள். பரிசு கை வளை. ஆஸ்டின் கார் ஓட்டிய முரியல் தாம்சன் ஜெயித்தார். போட்டி சூடாக இருந்தது என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டு, பல ஆண்டுகளுக்குப் பெண்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

✦

அந்தக் கதவு திறந்த பிறகு வந்தவர் கே பெட்ரி. கனடாக்காரர். உயரம் 4 அடி 10 அங்குலம். 1935-ல் இவர் ஓட்ட எடுத்துக்கொண்டது பத்தரை லிட்டர், 12 சிலிண்டர் டெலாஜ். கால் எட்டுவதற்காக பெடல்களில் கட்டை வைத்துக் கட்டினார்கள். எதிர்ப்பக்கம் குவெண்டா ஹாக்ஸ், டெர்பி மில்லர் காரில். இருவரையும் ஒரே நேரத்தில் சாய்மேட்டில் விட நிர்வாகத்துக்குத் துணிச்சல் இல்லை. தனித்தனியாக நேரம் எடுத்தார்கள். பெட்ரி 134.75 மைல். ஹாக்ஸ் 135.95 மைல். ஒன்றேகால் மைல்கூட இல்லை வித்தியாசம்.

பிறகு பெட்ரி ஆஸ்டின் கம்பெனியின் செவன் பந்தயக் கார்களை ஓட்டினார். 1937-ல் 500 மைல் பந்தயத்துக்குப் பயிற்சி செய்யும்போது வேறொரு கார் வந்து மோதிப் படுகாயம். போட்டிகளிலிருந்து விலகியவர், பின்னாளில் அதே கம்பெனிக்குக் காரின் உள்ளலங்கார நிறங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஆலோசகரானார்.

✦

‘கோல்டு ஸ்டார்’ என்ற பைக் பெயர் ஒரு சட்டைப் பின்னிலிருந்து வந்தது. புரூக்லண்ட்ஸில் பந்தயத்தின்போது மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்றுப் போகும் பைக்காரருக்கு ஒரு தங்க நட்சத்திரப் பின் கொடுப்பார்கள். 1937 ஜூன் 30 அன்று வால் ஹேண்ட்லி, பி.எஸ்.ஏ. பைக்கில் 107.57 மைல் வேகத்தில் சுற்றி அதை வாங்கினார். அடுத்த ஆண்டு மாடலுக்குக் கம்பெனி அந்தப் பெயரையே சூட்டிவிட்டது. அதே பெயரில் புதிய பைக் 2024-ல் இந்தியாவுக்கும் விற்பனைக்கு வந்தது. கார்க்காரர்களுக்கும் இதுபோல 120 மைல், 130 மைல் பேட்ஜுகள் இருந்தன.

✦

ஒரு மணி நேரத்துக்குள் 100 மைல் கடந்த முதல் மனிதர் பெர்சி லாம்பெர்ட். 1913 பிப்ரவரி 15, புரூக்லண்ட்ஸ், டால்பட் கார். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, அதே தடத்தில் இன்னொரு சாதனை முயற்சியில் இறந்துபோனார். அவருடைய காரின் உடலமைப்பைப்போலவே கூர்மையாக இழைத்த சவப்பெட்டியில் அடக்கம் செய்தார்கள் என்று சொல்வார்கள்.

✦

750 சிசிக்குள் இருக்கும் காரால் அதே 100 மைலைத் தொட முடியுமா? 1931 பிப்ரவரியில் ஜார்ஜ் ஐஸ்டன் எம்.ஜி. காரில் முதன்முதலாகத் தொட்டுக் காட்டினார். இடம், பாரிஸுக்குத் தெற்கேயுள்ள மோன்லெரி சாய்வுத் தடம். 1924-ல் கட்டப்பட்ட இதற்குப் புரூக்லண்ட்ஸ்போல இரவில் பூட்டும் வழக்கம் இல்லாததால் பிரிட்டிஷ் சாதனைக்காரர்கள் படையெடுத்துப் போவார்கள்.

தொட்டால் போதுமா, ஒரு மணி நேரம் அதே வேகத்தில் ஓட வேண்டாமா? செப்டம்பரில் திரும்பப் போனார். ஒரு மணி நேரத்தில் 101 மைல் ஓடி முடித்தார். முடித்த கையோடு எம்.ஜி. தீப்பிடித்துக்கொண்டது. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஐஸ்டன், குறுகிய ஓட்டுநர் அறையிலிருந்து தன்னை உருவிக்கொண்டு, ஓடுகிற காரிலிருந்து உருண்டு குதித்தார். பிட்டில் (தடத்தோரப் பழுதுபார்க்கும் இடம்) இருந்தவர்கள் எரிந்த காரைக் கண்டுபிடித்தார்கள்; ஆளைக் காணோம். தடத்தில் வேறு கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவரை ஏற்றி மருத்துவமனையில் சேர்த்துவிட்டிருந்தார்!

✦

பெரிய கார்களை அடியோடு விட்டுவிட்டால் அவை கோபித்துக்கொள்ளும். ஜான் காப்பின் நேப்பியர் ரெயில்டன்: 24 லிட்டர் விமான இன்ஜின், பின்சக்கரங்களுக்கு மட்டும் பிரேக். ஆஸ்டின் செவன் இன்ஜினைப்போல 32 மடங்கு. 1935 அக்டோபர் 7 அன்று அது போட்ட 143.44 மைல்தான் புரூக்லண்ட்ஸின் இறுதிச் சுற்றுச் சாதனை. ‘சிட்டி பேங் பேங்’ என்ற சினிமாக் காரின் பெயரும் இங்கே ஓடிய ஒரு காரிடமிருந்து வந்ததே. லூயி சபோரோவ்ஸ்கி என்ற இளைஞர், மெர்சிடிஸ் சேஸியில் 23 லிட்டர் மேபாக் விமான இன்ஜினை ஏற்றி 1921-ல் ஓட்டியது அது.

✦

முதல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ 1926 ஆகஸ்ட் 7 அன்று புரூக்லண்ட்ஸில். ஜெயித்த டெலாஜ் காரில் எக்ஸாஸ்ட் குழாய் ஓட்டுநரின் கால்மாட்டை ஒட்டியே போனது. பிட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது பெட்ரோல் இல்லை. வெந்த காலை முக்க ஒரு தொட்டித் தண்ணீர்.

✦

சாய்மேட்டின் மேல்விளிம்பில் தடுப்புச் சுவர் கிடையாது. 1932 செப்டம்பர் 24, 500 மைல் பந்தயம். கிளைவ் டன்ஃபீ ஓட்டிய பென்ட்லி விளிம்பைத் தாண்டி மரங்களுக்குள் போய் விழுந்தது. அவர் அங்கேயே இறந்தார். அன்றைய பந்தயத்தில் ஜெயித்தது 750 சிசி எம்.ஜி. சராசரி 96 மைல்.

✦

புரூக்லண்ட்ஸின் விளம்பர வாசகம் இப்படிப் பொருள்படும்: தகுந்த மனிதர்கள், தள்ளுமுள்ளு இல்லை. படித்தாலே மேட்டுக்குடி வாடை அடிக்கிறது. நுழைவுக் கட்டணத்தை உயர்த்தி வைத்துச் சாமானியரை வெளியே நிறுத்துகிற தந்திரம்தான். ஆனால் வாசலில் இந்த வடிகட்டல் நடந்துகொண்டிருந்தபோது, உள்ளே தடத்தில் எப்பியின் கடிகாரம் 175 பவுன் காரையும் சில ஆயிரம் பவுன் காரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது.

✦

ஸ்பெயினில் பார்சிலோனாவை அடுத்த சிட்ஜெஸ் ஊரில் 1923-ல் ஒரு சாய்வுத் தடம் திறந்தார்கள். முதல் பந்தயத்தில் ஜெயித்தவருக்குப் பரிசுப் பணம் கிடைக்கவில்லை. தடம் கட்டிய கான்ட்ராக்டர்கள் கூலி பாக்கிக்காக டிக்கெட் வசூலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்!

✦

பெர்லினின் ஆவுஸ் தடத்தில் 1937-ல் எழுப்பிய வடக்குத் திருப்பம் 43 டிகிரி சாய்வு, செங்கல் தளம். இண்டியானாபொலிஸ் வெறும் 9 டிகிரிதான்.

✦

அமெரிக்காவின் டேடோனா 31 டிகிரி. 1959-ல் திறந்த இந்தத் தடம் பெரிய நாஸ்கார் கார்களுக்குப் பேர்போனது. ஆனால் 2015-ல் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப், தன் அமெச்சூர் ஓட்டுநர்களின் தேசிய சாம்பியன்ஷிப்பை இங்கே நடத்தியது. 1944-ல் தொடங்கிய கிளப் அது. ஓடிய பிரிவுகளில் ஒன்று, மாஸ்டா மியாட்டா என்ற குட்டி இரண்டு சீட்டர்களுக்கு மட்டுமானது. எல்லாருக்கும் ஒரே கார், ஒரே டயர்.

அங்கே ஒரு விநோதம். சாய்மேட்டில் மியாட்டாவின் ஆக்சிலரேட்டரை அடியோடு மிதித்தாலும் இன்ஜினின் சக்தி முழுவதையும் காற்று தின்றுவிடும். தனியாகப் போகிறவன் கதை அவ்வளவுதான். முன்னால் போகிற காரின் முதுகோடு மூக்கை ஒட்டிக்கொண்டால், காற்றைப் பிளக்கிற வேலை பகிர்ந்துபோய் இரண்டு கார்களுமே கூடுதல் வேகம் எடுக்கும். ஆகவே ஜெயிக்க வேண்டுமானால் எதிரியோடு கூட்டுச் சேர வேண்டும். கடைசி நேரத்தில் சட்டென்று விலகி முந்தவும் வேண்டும். நம் அரசியல்வாதிகள் நன்றாக ஓட்டுவார்கள்.

✦

புரூக்லண்ட்ஸில் கடைசிப் பந்தயம் 1939 ஆகஸ்ட் 7. அடுத்த மாதம் யுத்தம். தடத்துக்குள்ளேயே இருந்த விமானத் தொழிற்சாலைகள் பெருத்தன. சாய்மேட்டை வெட்டி வழி விட்டார்கள். 1946-ல் இடம் விக்கர்ஸ் விமானக் கம்பெனிக்குப் போனது. மிச்சமிருந்த பகுதியில் 1991-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

தடம் போன அமெச்சூர்கள் யுத்தம் முடிந்ததும் காலியாகக் கிடந்த ராணுவ விமானத் தளங்களுக்குப் போனார்கள். அப்படி ஒன்று, 1948 செப்டம்பர் 18 அன்று திறந்த குட்வுட். திறந்தவர் ரிச்மண்ட் டியூக். பட்டம் மாறிய நம் மார்ச் பிரபுவேதான்! அன்று 500 சிசி பந்தயத்தில் ஜெயித்த பையனுக்கு முந்தின நாள்தான் 19 வயது முடிந்திருந்தது. பெயர் ஸ்டிர்லிங் மாஸ். சென்னைப் பந்தயக்காரர்களும் அதே வழியில்தான் போனார்கள். சோழவரத்தில் கார்கள் பறந்ததும் யுத்தகால விமான ஓடுதளத்தில்தான்.

✦

1939-ல் ஆஸ்டின் செவன் பிரியர்கள் சிலர் கூடி 750 மோட்டார் கிளப் ஆரம்பித்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு பழைய செவன்கள் பழைய இரும்புக் கடை விலைக்குக் கிடைத்தன. உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சேஸியில் தகரமும் பலகையும் அடித்துப் பந்தயக் கார் செய்வது வாலிபர்களின் பொழுதுபோக்கானது. 1948-ல் அப்படி ஒன்றைச் செய்த காலின் சாப்மன் என்ற மாணவர்தான் பிறகு லோட்டஸ் கம்பெனியை நிறுவினார். நியூசிலாந்தில் உதிரி உதிரியாக வந்த ஓர் ஆஸ்டின் செவனை அப்பாவோடு சேர்ந்து பூட்டி, 15 வயதில் முதல் போட்டியில் ஓட்டினார் இன்னொரு பையன். அவர் பெயர் புரூஸ் மெக்லாரன்.

✦

அந்தக் கிளப்பை வளர்த்தவர்களில் ஒருவர் ஹாலண்ட் பர்க்கெட், கால்நடை மருத்துவர். ஆறு மணி நேர ரிலே பந்தயம் ஒன்றை 1951-ல் சில்வர்ஸ்டோனில் கிளப் தொடங்கியது. ஒரு அணிக்குப் பல கார்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் தடத்தில் ஓடும். அது வந்து சேர்ந்ததும் அடுத்தது கிளம்பும். இன்று அந்தப் பந்தயத்துக்கு அவர் பெயர்தான். அதிக சுற்றுப் போன அணிக்கு ஒரு கோப்பை, ஹேண்டிகேப் கணக்கில் முந்திய அணிக்குத் தனியாக இன்னொரு கோப்பை.